தமிழ்ப் பதிவில் இடம் மாறிய இணைப்பு

தினமும் ஒரு பறவையைப் பற்றி நாலு வரியை புளூஸ்கை என்ற சமூக வலைத்தளத்தில் தானாகப் போட, பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு நிரல் வைத்திருக்கிறேன். எழுதுவது ஏஐ. ஆங்கிலத்தில் சோதித்தபோது ஒழுங்காகத்தான் இருந்தது. தமிழுக்கு மாற்றியதும், கடைசியில் வர வேண்டிய இணைப்பு பதிவின் நடுவே வேறு ஏதோ சொல்லின் மேல் நீலமாக உட்கார்ந்துகொண்டது.

ஏபிஐ (நிரல்கள் தளத்தோடு பேசும் வழி) மூலம் போடும்போது இணைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதுவும் யூடிஎஃப்-8 (எழுத்துகளைக் கணினி பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) பைட் கணக்கில். 'கொக்கு' கண்ணுக்கு 3 எழுத்து, பைத்தானில் நீளம் எண்ணும் லென் (குறிகளைத் தனியாக எண்ணுவதால்) 6 என்று சொல்லும், பைட்டில் 18. சாதாரண ஆங்கில எழுத்துக்கு மூன்று கணக்கும் ஒன்றுதான், அதனால் அங்கே இந்தச் சிக்கல் தலைகாட்டாது. இணைப்புக்கு முன்னால் உள்ள பகுதியை என்கோட் செய்து (பைட்டாக மாற்றி), அதன் நீளத்தைத் தொடக்கமாகக் கொடுத்தேன். இணைப்பின் பைட் நீளத்தைக் கூட்டினால் முடிவு. அவ்வளவுதான், சரியாகிவிட்டது. ஒரு பதிவுக்கு 300 எழுத்து என்ற வரம்புக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியும் எழுத்துதான் கணக்கு. அதை ரீஜெக்ஸ் என்ற பைத்தான் தொகுப்பை வைத்து எண்ணுகிறேன்.

அப்புறம் ஏஐயின் கற்பனை. பூநாரை மரத்தில் கூடு கட்டும் என்று கூசாமல் எழுதியது! அது தரையில் சேற்றைக் குவித்து மேடாக்கி முட்டையிடும் பறவை. இப்போது தகவலை நான் கோப்பில் எழுதி வைக்கிறேன், ஏஐ நடையை மட்டும் பார்த்துக்கொள்கிறது. வரைவு முதலில் டெலிகிராமில் எனக்கு வரும். நான் 'சரி' அழுத்தினால்தான் வெளியே போகும். சர்வர் யூடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் உள்ள உலகப் பொது நேரம்) ஓடுவதால், காலை 6 மணி வரைவுக்கு, குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் க்ரானில் 00:30 என்று போட்டிருக்கிறேன்.