லென்ஸுக்கு முன் ட்ரைபாட் தலை

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக் கரையில் நான் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து, தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கும் கருவேல மரம் ஏறக்குறைய நூறு அடி. அதில் வந்து அமரும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி, அலகு முதல் வால்வரை ஓர் அடி இருக்கும். லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இப்படி இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பறவையின் நீளத்தைப் போல நூறு மடங்கு தூரம் என்றால், 600 மி.மீ. லென்ஸில் அது சென்சாரின் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) மேல் 6 மி.மீ. நீளத்துக்கு விழும். பெரும்பாலான சாதாரணக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் சுமார் 24 மி.மீ.; படத்தின் அகலத்தில் கால் பங்கு பறவை. 400 லென்ஸில் ஆறில் ஒரு பங்கு. 36 மி.மீ. அகலமுள்ள பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேமில் 600 போட்டாலும் அதே ஆறில் ஒன்றுதான். பறவைக்காகவே ஃபுல் ஃபிரேமுக்கு மாறப்போகிறேன் என்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

பெங்களூரா மாங்காய் விற்ற காசில் நான் வாங்கியது சிக்மா 150-600, அதாவது 150 முதல் 600 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸ். டாம்ரானிலும் அதே அளவு உண்டு; இரண்டுமே இரண்டு கிலோவை ஒட்டியவை, அதாவது நான்கு நல்ல மல்கோவா. நிக்கான் 200-500 இன்னும் கனம், 2.3 கிலோ, ஆனால் கடைசிவரை எஃப் 5.6 கிடைக்கும்; இந்த எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும். மற்ற இரண்டும் 600-இல் எஃப் 6.3. மார்கழிக் காலையின் மங்கலில் அந்தச் சிறு வித்தியாசம் தெரியும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி 1.4 மடங்கு பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டர் வேண்டாம். எஃப் 6.3 அதனால் எஃப் 9 ஆகிவிடும். பழைய டிஎஸ்எல்ஆர் ஃபோக்கஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் தடுமாறும்.

நான் கோட்டைவிட்டது ட்ரைபாட் தலையில், அதாவது முக்காலியின் உச்சியில் லென்ஸைத் தாங்கித் திருப்பும் பாகத்தில். லென்ஸுக்கே காசு தீர்ந்ததால், கைவசம் இருந்த சிறிய பால் ஹெட்டிலேயே (பந்து போன்ற குமிழின் மேல் எல்லாப் பக்கமும் திரும்பும் தலை) அதை மாட்டினேன். மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்து நின்றது. அதைத் தொடரத் திருகைத் தளர்த்தினேன். அடுத்த நொடி லென்ஸ் தலைகுப்புறச் சாய்ந்து ட்ரைபாட் காலில் மோதியது. லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூடில் விரிசல். மீன்கொத்தி மீனோடு போய்விட்டது. பால் ஹெட் மோசமான பொருளல்ல; மலையையும் கோயிலையும் எடுக்க அது போதும். இரண்டு கிலோவைத் தளர்த்தியபடியே திருப்ப அது ஏற்றதல்ல.

கிம்பல் தலையில் லென்ஸ் தூளியில் கிடப்பதுபோல் தொங்கும். மாட்டியதும் ஜூமை 600-க்கு நீட்டிவிட்டு, திருகைத் தளர்த்தி, கையை எடுங்கள். மூக்கு தாழ்ந்தால் லென்ஸைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பின்புறம் தாழ்ந்தால் முன்னுக்கு. விட்ட இடத்தில் அசையாமல் நின்றால் சரி. 150-இல் சமன் பார்த்தால், நீட்டும்போது முன்கனம் ஏறிவிடும். சோனி 200-600 உள்ளேயே ஜூம் ஆவதால் இந்தத் தொல்லை இல்லை. லென்ஸின் அடியில் இருக்கும் காலில் நீளமான ஆர்க்கா பிளேட் (தலையின் பிடியில் முன்னும் பின்னும் நகரும் தட்டு) போட்டால்தான் நகர்த்த இடம் இருக்கும். ட்ரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். அடித்தளம் மட்டமாக இல்லையென்றால், லென்ஸைத் திருப்பும்போது நீர்க்கோடு சாயும்.

அஞ்செட்டிப் பக்கம் நடந்தே போகிறவர்களுக்குக் கிம்பலைச் சுமப்பது தண்டனை, ஒற்றைக்கால் மோனோபாட் போதும்.

வாங்கும் முன் பெங்களூரில் வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் தோளில் போட்டுப் பாருங்கள். சோதிப்பதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் காற்று அலையும். எந்த லென்ஸிலும் இறகு குழைந்துதான் தெரியும். பழைய லென்ஸ் என்றால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலைபோல் பூஞ்சை தெரிந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.