கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட்ட வீட்ல வச்சு படிக்கது எப்படி

சுகரோ பிரஷரோ இருக்கவங்க வருஷத்துக்கு ஒரு தடவ கட்டாயம் பாக்க வேண்டியது ரெண்டு டெஸ்ட், ரத்தத்துல கிரியேட்டினின்ங்கற கழிவு, யூரின்ல அல்புமின்ங்கற புரதம். ஆனா நம்ம கன்னியாகுமரி பக்கம் பாத்தீங்கன்னா நிறைய பேரு கிரியேட்டினின் மட்டும் எடுத்துட்டு, நம்பர் நார்மல்னு தெரிஞ்சதும் ரிப்போர்ட்ட பீரோவுல வச்சிருவாங்க, யூரின் அல்புமின்னு ஒண்ணு இருக்கதே தெரியாது. கிட்னி கெட ஆரம்பிக்கும்போது வலிக்காது மக்கா, அதனால டெஸ்ட் எடுக்காம அத கண்டுபிடிக்க வழியே இல்ல.

ரிப்போர்ட் புரியணும்னா உள்ள நடக்கது கொஞ்சம் தெரியணும். முதுகுப் பக்கம் கீழ் விலா எலும்புல பாதி மறைஞ்ச மாதிரி ரெண்டு கிட்னி, ஒவ்வொண்ணும் 10-லேருந்து 12 சென்டிமீட்டர் நீளம், வலது பக்கம் மேல கல்லீரல் இருக்கதால அது கொஞ்சம் எறங்கி இருக்கும் (ஸ்கேன்ல அப்படி பாத்து பயப்பட வேண்டாம்). ஒவ்வொரு கிட்னிக்குள்ளயும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான் (ரத்தத்த வடிகட்டுற குட்டி குட்டி அமைப்பு), ஒவ்வொரு நெஃப்ரானோட தொடக்கத்துலயும் மயிரிழை ரத்தக்குழாய் சுருண்டு ஒரு முடிச்சு. மாவு அரிக்க அரிப்பு மாதிரி அது தண்ணி, உப்பு, சின்ன சின்ன கழிவெல்லாம் கீழ விடும், ரத்த அணுவையும் புரதத்தையும் மேலயே நிறுத்திக்கும். இப்படி ஒரு நாளைக்கு எறங்குறது கிட்டத்தட்ட 180 லிட்டர், அதுல 99 சதவீதம் குழாய் வழியா திரும்ப ரத்தத்துக்கே போயிரும், மிச்சம் ஒன்னரை லிட்டர் தான் மூத்திரமா வெளிய வரும். சுகரும் பிரஷரும் வருஷக்கணக்கா கூடி நின்னா மொதல்ல அடி வாங்குறது அந்த முடிச்சு தான், அப்போ அல்புமின் யூரின்ல ஒழுக ஆரம்பிக்கும், கிரியேட்டினின் ஏறதுக்கு பல வருஷம் முன்னாடியே. அதனால தான் யூரின் டெஸ்ட்ட விடாதீங்கன்னு இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

எடுக்க முறை இது தான். காலைல எந்திரிச்சதும் போற மொத யூரின் நல்லது, முன்னாடி தண்ணி விட்டு கழுவிட்டு, மொதல்ல வர்றத கொஞ்சம் விட்டுட்டு, நடுவுல வர்றத மட்டும் லேப்ல தந்த டப்பாவுல பிடிக்கணும், வீட்ல கெடக்க பழைய மருந்து பாட்டில்ல பிடிக்காதீங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள லேப்ல குடுத்துரணும், பஸ்சுல மார்த்தாண்டத்துக்கோ தக்கலைக்கோ போய் குடுக்கணும்னா அங்க போயே எடுக்கது மேல். பீரியட்ஸ் சமயத்துல வேண்டாம். காய்ச்சல் இருந்தாலோ முந்தின நாள் உடம்ப முறிச்சு வேல பாத்திருந்தாலோ அல்புமின் சும்மா கூட கூடுதலா காட்டும், அதனால ஒரு தடவ கூடிருச்சுன்னு முடிவு கட்டாம மூணு மாசத்துக்குள்ள திரும்ப எடுத்து பாக்கணும். ரிப்போர்ட்ல அல்புமின் கிரியேட்டினின் ரேஷியோன்னு போட்டிருக்கும், 30-க்கு கீழ இருந்தா சரி, 30-லேருந்து 300 வர ஒழுகல் தொடங்கிருச்சு, 300-க்கு மேலன்னா நல்லாவே ஒழுகுது. 30-லயே பிடிச்சுட்டா கிட்னி கெடுறத மருந்து வச்சு நிறைய தள்ளிப் போடலாம்.

இனி கிரியேட்டினின். இது தசைலேருந்து வர்ற கழிவு, அதனால ஆளுக்கு ஆள் மாறும், 1.1-ன்னு ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு ரெண்டு அர்த்தம். அதனால தான் வயசு, ஆணா பொண்ணாங்கறதயும் சேத்து கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு ஒரு கணக்கு போடுவாங்க, அது தான் இ-ஜிஎஃப்ஆர். கடலுக்குப் போற 30 வயசு பையனுக்கு 1.1 இருந்தா இ-ஜிஎஃப்ஆர் 92 கிட்ட வரும், ஒரு கவலையும் இல்ல. அதே 1.1 எழுபது வயசு பாட்டிக்கு இருந்தா கணக்கு 54 தான் வரும், அதாவது கிட்னி வேல பாதிக்கு கிட்ட வந்துருச்சு, ஆனா பேப்பர்ல நார்மல் எல்லைக்குள்ள தான் நிக்கும். அதனால ரிப்போர்ட்ல இ-ஜிஎஃப்ஆர் போடலன்னா லேப்ல கேட்டு போடச் சொல்லுங்க. 90-க்கு மேல நல்லது, 60-க்கும் 90-க்கும் நடுவுல இருந்து யூரின்ல அல்புமினும் ஒழுகலன்னா பயம் வேண்டாம், 60-க்கு கீழ மூணு மாசம் தொடர்ந்து நின்னா அது கிட்னி நோய், 15-க்கு கீழ போனா டயாலிசிஸ் பத்தி டாக்டர் பேசுவாரு. முந்தின நாள் ராத்திரி பீஃப், கோழின்னு நிறைய சாப்பிட்டுட்டு போனா கிரியேட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டும்.

சாதாரண யூரின் ரிப்போர்ட்ல பஸ் செல்ஸ் (சீழ் அணு) 5-க்கு மேல போய் எரிச்சலும் இருந்தா இன்ஃபெக்ஷனா இருக்கும், எபிதீலியல் செல்ஸ் (மேல்தோல்லேருந்து உதிர்ற அணு) நிறைய இருந்தா சாம்பிள் சரியா பிடிக்கலன்னு அர்த்தம், மறுபடி எடுங்க. பொம்பளைங்களுக்கு மூத்திரப்பைலேருந்து வெளிய வர்ற குழாய் 4 சென்டிமீட்டர் தான், ஆம்பளைங்களுக்கு 20 கிட்ட, அதனால கிருமி பொம்பளைங்களுக்கு சுளுவா ஏறும். அண்டி ஆபீஸ்லயும் (முந்திரி ஃபேக்டரி) ஜவுளிக்கடைலயும் வேல பாக்க அக்காமார் காலைலேருந்து தண்ணியும் குடிக்காம யூரினும் அடக்கி வச்சுட்டு நிக்காங்க, சுத்தமான பாத்ரூம் குடுக்காத முதலாளி மேல தான் எனக்கு கோவம். வலியே இல்லாம யூரின்ல ரத்தம் கண்டா, அதுவும் வயசானவங்களுக்கு, கல்லுன்னு நெனச்சு இருந்துராதீங்க, மூத்திரப்பைல கேன்சராவும் இருக்கலாம், ஒரு வாரம் கூட தள்ளாண்டாம்.

ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் ரெண்டு காரியம் விட்ருங்க. ஒண்ணு, முட்டு வலி முதுகு வலின்னு மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்குற டைக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபென். ரப்பர் வெட்டப் போறவங்க, தூத்தூர் பக்கத்துலேருந்து வாரக்கணக்கா ஆழ்கடல்ல தங்குறவங்க இத மிட்டாய் மாதிரி போடுறாங்க, தண்ணி குறைவா குடிச்ச உடம்புல அது கிட்னிக்கு போற ரத்தத்தையே குறைச்சிரும். ரெண்டு, கொழுப்பு குறையும்னு பிலிம்பிக்காய (புளிச்சக்காய்) அரைச்சு சாறா குடிக்கது. கேரளாவுல இப்படி குடிச்சு அதுல இருக்க ஆக்சலேட்ங்கற உப்பு அடைச்சு கிட்னி நின்னவங்கள பத்தி டாக்டர்மார் எழுதியே வச்சிருக்காங்க. மீன் கறில ரெண்டு காய் போடுறதுல தப்பில்ல.

கருக்கு (இளநீர்), ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்), மட்டிப்பழம் (ஒரு வகை வாழைப்பழம்) இதெல்லாம் கிட்னி நல்லா இருக்கவங்களுக்கு நல்லது தான், ஆனா இ-ஜிஎஃப்ஆர் குறைஞ்சவங்க ரத்தத்துல பொட்டாசியம் 5-க்கு மேல காட்டினா டாக்டர கேட்டுட்டு தான் தொடணும், பொட்டாசியம் ரொம்ப ஏறினா இதயம் நின்னுரும். கருவாடும் ஊறுகாயும் பிரஷர் இருந்தா குறைங்க.

பழைய ரிப்போர்ட்ட தூரப் போடாதீங்க, தேதி வாரியா ஒரு ஃபைல்ல வச்சு டாக்டர்கிட்ட கொண்டு போங்க, ஒரு நம்பர விட அது வருஷா வருஷம் எப்படி எறங்குதுங்கறது தான் அவருக்கு முக்கியம். சுகர், பிரஷர் பாக்க காசு இல்லன்னா பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா பாக்கலாம், பெருசா ஏதும்னா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ். மழக்காலத்துல வயல்லயோ தோட்டத்துலயோ எறங்கினவங்களுக்கு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு மஞ்சள், யூரின் குறையறது இப்படி வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், சீக்கிரமே கிட்னிய நிறுத்திரலாம், ரிப்போர்ட் படிச்சிட்டு இருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க.