வெள்ளிக் காசு சேருவதற்கு முன் யாப்பு எழுதுங்கள்: ஆல்பியனில் கில்ட் நடத்தும் முறை

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவிப் பக்கம் எனக்குத் தெரிந்த பெடியளில் பலர் இப்போது ஆல்பியன் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டை விளையாடுகிறார்கள். கணினி தேவையில்லை, போன் போதும். 2021 இல் அது போனுக்கு வந்ததிலிருந்து போன்காரரும் கணினிக்காரரும் ஒரே உலகத்தில்தான் நிற்கிறார்கள். கொஞ்ச நாள் தனியே ஓடித்திரிந்த பிறகு எல்லாருக்கும் ஒரே ஆசை வரும், "அண்ணை, நாங்களும் ஒரு கில்ட் தொடங்கப் போறம், என்ன செய்ய வேணும்?" கில்ட் என்றால் சேர்ந்து விளையாடும் குழு. எந்த வாள் நல்லது, எந்தக் கவசம் மலிவு என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். கில்ட்டின் பொதுப் பெட்டியை யார் திறக்கலாம், கிடைத்ததை எப்படிப் பிரிப்பது, தலைவர் வர முடியாமல் போனால் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் முதல் சண்டைக்குப் போவதற்கு முன் எழுதி வையுங்கள், அந்த விதிகள்தான் யாப்பு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் முதல் கில்ட்டில் 22 பேர். எல்லாம் தெரிந்த முகங்கள், பாதிப்பேர் ஒரே ரியூசனில் படித்தவர்கள், அதனால் எழுதி வைக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டோம். தலைவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். அங்கே நாளுக்கு 12 மணி நேர வேலை, விளையாட்டைத் திறந்து பார்க்கவே அவருக்கு நேரமில்லை. புது ஆளைச் சேர்க்கும் உரிமை, பெட்டி உரிமை, உறுப்பினரிடம் கில்ட் எடுக்கும் வரியை மாற்றும் உரிமை எல்லாம் அவரிடம் மட்டும் இருந்தன. ஆறு கிழமை எதுவும் செய்ய முடியாமல் நின்றோம். பிறகு ஒருநாள் இரவு அவசரமாக வந்து எல்லா உரிமையையும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஆள் இரண்டு கிழமைக்குள் பெட்டியில் இருந்த நல்ல கவசங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வேறு கில்ட்டுக்குப் போய்விட்டார். அவர் மேல் இருந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் ஒரே கையில் எல்லாச் சாவியையும் இருக்க விட்டது நாங்கள்தான்.

இரண்டாவது தடவை தொடங்கும்போது எங்களுக்கு வழி காட்டியது குளத்துக் கூட்டம். சிறுபோகத்துக்கு முன் இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, இந்தமுறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம், ஆருக்கு எவ்வளவு பங்கு என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள். கதவு திறப்பது அதற்குப் பிறகுதான். தண்ணீர் வாய்க்காலில் ஓடத் தொடங்கிய பிறகு பங்கைப் பற்றிக் கதைத்தால் மண்வெட்டிச் சண்டைதான் வரும். எங்கள் அப்பாவோடு அந்தக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன், அங்கே கேட்கிற கேள்விகள்தான் கில்ட்டிலும் வருகின்றன.

சரி, முதலில் சண்டையில் யார் என்ன செய்வது. ஆல்பியனில் பிறப்பால் மந்திரவாதி, பிறப்பால் வீரன் என்று கிடையாது, கையில் எடுக்கும் ஆயுதமும் போடும் கவசமும்தான் உங்கள் வேலையைத் தீர்மானிக்கும். முன்னால் நின்று அடி வாங்கி எதிரியைத் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பவர் டாங்க். காயம் ஆற்றுபவர் ஹீலர். மற்றவர்களில் பெரும்பாலானோர் அடிப்பவர்கள். புதிதாக வருகிற எல்லாருமே அடிக்கத்தான் விரும்புவார்கள், ஏனென்றால் எதிரி விழுவதைப் பார்க்கும் சந்தோசம் அதில்தான். ஆகவே டாங்க், ஹீலர் இரண்டுக்கும் ஆட்களை வலிந்து தேட வேண்டும், அவர்கள் இறந்தால் கவசத்தைக் கில்ட் திருப்பிக் கொடுக்கும் என்று யாப்பிலேயே எழுத வேண்டும். அந்த உலகத்தின் ஆபத்தான சிவப்பு, கறுப்பு வலயங்களில் செத்தால் கொண்டுபோனது எல்லாம் போய்விடும் என்பதால், முதலில் சாகிற வேலையை ஒருவர் தன் சொந்தச் செலவில் எத்தனை நாள் செய்வார்? எங்கள் ஹீலர் ஒரு தங்கச்சி, கம்பஸ் மாணவி. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் அவர் எப்போதோ விலகியிருப்பார் என்று அவரே சொன்னார்.

சண்டையில் கட்டளை சொல்பவரை, கோலர் என்று சொல்வோமே, அவரைத் தனியாக யோசியுங்கள். சண்டை நடக்கும்போது ஒரு குரல்தான் கேட்க வேண்டும். அவர் பின்வாங்கு என்றால் பின்வாங்க வேண்டியதுதான், பிழை என்று பட்டால் முடிந்த பிறகு கதைக்கலாம். ஆனால் சண்டை முடிந்ததும் அவர் மற்றவர்களைப் போல ஒரு உறுப்பினர், அவ்வளவுதான். நன்றாகச் சண்டை பிடிக்கிறவர்தான் நல்ல தலைவர் என்று நினைத்து எல்லாவற்றையும் அவரிடம் கொடுப்பது பல கில்ட்டுகள் விடும் பிழை. எங்கள் கோலர் நல்ல கூர்மையான பெடியன், ஆனால் கணக்கு எழுதச் சொன்னால் ஒரு மாதத்துக்குத் தொடவே மாட்டான், அதில் அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை.

சண்டைக்கு வராதவர்களையும் மறக்கக் கூடாது. ஆல்பியனில் ஆயுதமும் கவசமும் அநேகமாக எல்லாம் விளையாடுகிறவர்கள் செய்வதுதான். மரம் வெட்டுகிறவர், கல் உடைக்கிறவர், தோல் எடுக்கிறவர், அதைக் கொண்டு பொருள் செய்கிறவர், எதிரி எங்கே நிற்கிறான் என்று முன்னே போய்ப் பார்த்து வருகிறவர், இவர்கள் இல்லாமல் ஒரு சண்டையும் இல்லை. ஆனால் பங்கு பிரிக்கும்போது இவர்கள் பெயர் வராது. எங்கள் யாப்பில் இப்படி எழுதினோம்: கில்ட்டுக்குச் சேகரித்துக் கொடுக்கும் பொருளுக்குச் சந்தை விலையில் முக்கால் பங்கு வெள்ளி (விளையாட்டுக்குள் புழங்கும் காசு) உடனே கொடுக்கப்படும், சண்டை நாளில் வேவு பார்த்தவருக்குச் சண்டை பிடித்தவருக்குச் சமனான பங்கு.

பதவிகளுக்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர்கள் தேட வேண்டாம். ஊரில் சனசமூக நிலையத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் மரண உதவிச் சங்கத்துக்கும் இருக்கும் அதே தலைவர், செயலாளர், பொருளாளர் போதும், அந்தச் சொற்களைக் கேட்டதும் யார் என்ன செய்வார் என்று எல்லாருக்கும் விளங்கும். தலைவர் கூட்டம் கூட்டுவார், சண்டை சச்சரவைத் தீர்ப்பார். செயலாளர் யாப்பையும் கூட்டறிக்கையையும் வைத்திருப்பார், புது ஆட்களைச் சேர்ப்பார். பொருளாளரிடம் பெட்டியும் கணக்கும். மூன்றும் மூன்று பேர், ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்து தெரிவு நடக்கட்டும். நாங்கள் வருடத்தில் இரண்டு தெரிவு வைக்கிறோம், காலபோகம் விதைக்க முன் ஒன்று, சிறுபோகத்துக்கு முன் ஒன்று. திகதி யாருக்கும் மறக்காது.

சாவி விசயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் 2009 பெப்ரவரியில் ஒரு சம்பவம் நடந்தது. பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற மிகப் பெரிய கூட்டணியை எதிரிகள் சண்டையில் அழிக்கவில்லை. உள்ளே பொறுப்பில் இருந்த ஒருவர் எதிரிப் பக்கமான கூன்ஸ்வார்முக்கு மாறி, தன்னிடம் இருந்த அதிகாரத்தைக் கொண்டே கூட்டணியைக் கலைத்துவிட்டார். வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து கட்டியது அப்படிப் போனது. ஆகவே பெட்டிகளைப் பிரித்து வையுங்கள். அன்றாடப் பொருள் ஒரு பெட்டியில், அதை நம்பிக்கையான உறுப்பினர் எல்லாரும் திறக்கலாம். விலை கூடியது இன்னொரு பெட்டியில், அதைப் பொருளாளரும் செயலாளரும் மட்டும். சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் குவிக்காமல் பாதியை இன்னொருவர் பொறுப்பில் வையுங்கள். கதைப்பதற்கு டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலி வைத்திருந்தால் அதன் உரிமை தலைவரிடம் இல்லாமல் செயலாளரிடம் இருக்கட்டும், பொறுப்பில் இருக்கும் மூவரும் கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடட்டும். யார் யாரை நீக்கினார், எந்த அனுமதியை மாற்றினார் என்ற பதிவு டிஸ்கோர்ட்டில் 45 நாட்களுக்குத்தான் இருக்கும், சந்தேகம் வந்த அன்றே படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது பங்கு, சண்டை எல்லாம் தொடங்குவது இதில்தான். பொருளைப் பொருளாகப் பிரிக்காதீர்கள். எல்லாவற்றையும் விற்று வெள்ளியாக்கிப் பிரியுங்கள், யாருக்காவது அந்தக் கவசம் வேண்டுமென்றால் சந்தை விலைக்கு அவரே முதலில் வாங்கட்டும். கணக்கு இப்படி. 12 பேர் போனோம், விற்று வந்தது 24 இலட்சம் வெள்ளி. திருத்தச் செலவு, மருந்து, இறந்தவர்களின் கவசம் எல்லாம் சேர்த்து 2 இலட்சத்து 40 ஆயிரம். அதை முதலில் கழியுங்கள், மிச்சம் 21 இலட்சத்து 60 ஆயிரம். அதில் 10 வீதம் கில்ட் பெட்டிக்கு, 2 இலட்சத்து 16 ஆயிரம். மீதி 19 இலட்சத்து 44 ஆயிரத்தை 12 ஆல் பிரித்தால் ஆளுக்கு 1 இலட்சத்து 62 ஆயிரம். பாதியில் கரண்ட் போய் வெளியேறினவருக்கு முழுப் பங்கு, சொல்லாமல் இடையில் போனவருக்கு அரைப் பங்கு. கரண்ட் போனதா இல்லையா என்று நாங்கள் விசாரிப்பதில்லை, மார்கழி மழையில் இங்கே சிக்னல் எப்படி நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கணக்கை அன்றிரவே எல்லாரும் பார்க்கும் இடத்தில் போடுங்கள், நாளைக்கு என்று வைக்கவே வேண்டாம். வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிடும் வட்டவிதானைக்கும் வயல் இருக்கிறது, ஆனால் தன் வயலுக்கு முந்தித் திறந்தால் ஊர் பார்த்துக்கொண்டு இருக்காது. பொருளாளரும் அப்படித்தான், அவருடைய பங்கும் மற்றவர்களுடையதும் ஒரே பட்டியலில் தெரிய வேண்டும்.

இங்கே எங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கில்ட்டில் கால்வாசிப் பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் மச்சான்மார், ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஆல்பியனில் உண்மையான காசுக்குத் தங்கம் வாங்கி அதை வெள்ளியாக மாற்றலாம், அவர்களுக்கு அது ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு, எங்கள் பெடியளுக்கு ஒரு மாத டேட்டாக் காசு. அவர்கள் அன்போடுதான் கில்ட்டுக்குப் போடுகிறார்கள். ஆனால் கொஞ்ச நாளில் "நான்தானே கூடப் போட்டனான்" என்ற கதை வரும், அதற்கு முன்பே விதி இருக்க வேண்டும். கோயிலில் உபயகாரருக்குக் காளாஞ்சி கொடுத்து மரியாதை செய்வோம், நிர்வாகசபைத் தெரிவில் அவருக்கும் ஒரு கைதான். எங்கள் கில்ட்டிலும் கூடக் கொடுப்பவரின் பெயரை நன்றியோடு அறிவிப்போம், வாக்கு ஆளுக்கு ஒன்று.

வாக்கெடுப்பை மூன்று நாள் திறந்து வையுங்கள், அப்போதுதான் எல்லா நேர வலயமும் வரும். சாதாரண விசயத்துக்குப் பாதிக்கு மேல் போதும். யாப்பை மாற்ற 70 வீதம் வேண்டும், அதாவது 15 பேர் வாக்களித்தால் 11. இந்த எண்ணை ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இன்னொரு விளையாட்டில் இருந்து எடுத்தோம். அங்கே விளையாட்டில் புதிதாக ஏதும் சேர்ப்பதென்றால் ஆட்களிடமே வாக்குக் கேட்பார்கள், 75 வீதமாக இருந்ததை 2022 இல் 70 ஆக்கினார்கள். பாதிக்கு ஒன்று கூடினால் போதும் என்று வைத்தால் ஒவ்வொரு கிழமையும் பங்கீட்டு விதி மாறும், பிறகு அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒருவரை வெளியேற்றுவது கடைசி வழி. எ டேல் இன் த டெசர்ட் என்ற பழைய விளையாட்டில் மக்கள் தெரிவு செய்யும் டெமி பாரோவுக்கு ஆட்களை நிரந்தரமாக நீக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் ஏழு பேர் மட்டும்தான். எண்ணிக்கை இருந்தால் கை தானாக நிதானிக்கும். எங்கள் தலைவர் தன் காலத்தில் தனியே இரண்டு பேரைத்தான் நீக்கலாம், அதற்கு மேல் சபை முடிவு. குற்றம் சொன்னால் முதலில் பெட்டி அனுமதியை நிறுத்துங்கள், ஆளை நிறுத்த வேண்டாம். பதில் சொல்ல மூன்று நாள் கொடுங்கள். குற்றம் சொன்னவர் விசாரிக்கும் மூவரில் இருக்கக் கூடாது. குரல் அழைப்பில் விசாரிக்காதீர்கள், எழுத்தில் செய்யுங்கள், சத்தமாகக் கதைக்கிறவர் வென்றுவிடுவார்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக: விளையாட்டின் கடிகாரம் கிரீன்விச் நேரம், நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் வரும். இங்கே சனி இரவு 8.30 என்றால் லண்டனில் கோடையில் பின்னேரம் 4, ரொறன்ரோவில் காலை 11. குளிர்காலத்தில் இரண்டு இடத்திலும் ஒரு மணி நேரம் முந்தும். அந்த நேரத்துக்குத்தான் எங்களுக்கு எல்லாரும் வருகிறார்கள்.

ஒவ்வொரு பதவிக்கும் ஒரு துணை வையுங்கள், துணைக்கும் அந்த அனுமதி முன்கூட்டியே இருக்கட்டும். மாசி அறுவடையில் பாதிப்பேர் வயலில், ஏ.எல். சோதனைக் காலத்தில் மாணவர்கள் இல்லை. சொல்லிவிட்டுப் போகிறவரின் இடம் மூன்று மாதம் காத்திருக்கும். சொல்லாமல் 30 நாள் வராத பொறுப்பாளரின் அனுமதி துணைக்குப் போகும், உறுப்புரிமை அப்படியே இருக்கும், திரும்பி வந்தால் ஒன்றும் கேட்க மாட்டோம்.

கடைசியாக, கில்ட்டைக் கலைப்பது பற்றியும் இப்போதே எழுதுங்கள். சந்தோசமாக இருக்கும்போது அதைக் கதைக்க ஒருவருக்கும் மனம் வராது, எங்களுக்கும் வரவில்லை, இரண்டு கூட்டம் தள்ளிப்போய் மூன்றாவதில்தான் எழுதினோம். முக்கால்வாசிப் பேர் சம்மதித்தால் கலைக்கலாம். பெட்டியில் இருப்பதை ஏழு நாளுக்குள் விற்று, கடைசி மூன்று மாதத்தில் எத்தனை சண்டைக்கு, எத்தனை சேகரிப்புக்கு வந்தார்கள் என்ற வரவுப் பட்டியலின்படி பிரிக்க வேண்டும். அந்தப் பட்டியல் செயலாளரிடம் ஒன்று, துணைச் செயலாளரின் போனில் ஒன்று.