ஸ்டீம்பங்க் பாட்டு கேக்கணுமா? எந்தப் பக்கமா உள்ள போறதுன்னு சொல்றேன்

ஸ்டீம்பங்க் மியூசிக்னு தேடினா முதல்ல வர்ற நாலு பாட்டும் நாலு தினுசா இருக்கும். ஒண்ணு வயலின் வச்ச ராக், ஒண்ணு ரோபோ வேஷம் போட்டு கோரஸா பாடுறது, ஒண்ணு ராப், இன்னொண்ணு தொண்ட கிழிய கத்துற பங்க். என்னடா இது ஒரே பேர்ல இத்தனையான்னு பாதியிலயே விட்டுட்டுப் போயிடறாங்க நிறைய பேர், அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, இதுக்குன்னு தனியா ஒரு சவுண்டு கிடையாது. நீராவி எஞ்சின் ஓடின 19ம் நூற்றாண்ட எடுத்துக்கிட்டு, அது வேற மாதிரி போயிருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிக்கிறவங்க, அவங்கவங்களுக்குக் கைவந்த இசையில பாடுறாங்க, அவ்ளோதான். அதனால கலந்துகட்டின ப்ளேலிஸ்ட்ட ஷஃபிள்ல ஓட விடாதீங்க. உங்களுக்கு ஏற்கனவே எது பிடிக்குமோ அந்தப் பக்கமா உள்ள வாங்க.

ராக், கோத் இதெல்லாம் கேப்பீங்கன்னா ஆப்னி பார்க். சியாட்டில் பேண்ட், ராபர்ட் ப்ரௌன் 1997ல ஆரம்பிச்சது, லண்டன்ல இருக்கற ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தோட பேர்தான் பேண்டுக்கு. முதல்ல இருட்டான கோத் பாட்டுதான் பண்ணிட்டிருந்தாங்க, அப்புறம் காலம் தாண்டிப் பறக்கற ஆகாயக் கப்பலோட கொள்ளைக்காரங்கன்னு மொத்தமா வேஷத்த மாத்திட்டாங்க. 2008ல வந்த லாஸ்ட் ஹொரைசன்ஸ் ஆல்பத்துலேருந்து ஆரம்பிங்க, சிந்தசைசர் பீட் ஒரு பக்கம் அடிச்சிட்டு இருக்க அதுக்கு மேல வயலின் ஜிப்ஸி மெட்டு மாதிரி சுத்திச் சுத்தி வரும், ஹெட்போன்ல கேட்டாதான் அந்த ரெண்டும் தனித்தனியா பிரிஞ்சு தெரியும்.

ரோபோ வேஷம் போடற பேண்ட், ஸ்டீம் பவர்ட் ஜிராஃப். இவங்கள மட்டும் காதால கேட்டுட்டு முடிவு பண்ணாதீங்க, வீடியோவா பாருங்க. சான் டியாகோவுல பல்போவா பார்க்னு ஒரு பெரிய பூங்கா, அங்க வர்றவங்க முன்னாடி 2008ல மைம், அதாவது பேசாம உடம்பு அசைவுலயே நடிக்கறது, பண்ணி ஆரம்பிச்சவங்க, பன்னி பென்னட், டேவிட் பென்னட்னு ரெட்டைப் பிறவிங்கதான் நடுநாயகம். 1896ல செஞ்ச ரோபோக்கள்னு கதை. ஒவ்வொரு அசைவும் மெஷின் நின்னு நின்னு ஓடற மாதிரி இருக்கும், ஆனா பாட ஆரம்பிச்சா மூணு குரல் ஒண்ணா சேர்ற அந்த ஹார்மனி அவ்ளோ மெத்துனு இருக்கும். ஹனிபீ பாட்டு போதும் ஆரம்பத்துக்கு.

ராப் பிடிக்கும்னா சாப்-ஹாப். கோட்டு சூட்டு போட்ட இங்கிலீஷ் கனவான் மாதிரி நின்னு ஹிப்-ஹாப் பாடுறது. ப்ரைட்டன்காரர் ப்ரொஃபசர் எலிமெண்டல், பாஞ்சோலேலேன்னு ஒரு சின்னத் தந்தி வாத்தியம் வாசிக்கற மிஸ்டர் பி, இந்த ரெண்டு பேரும்தான் முக்கியம், 2010ல மொதல் ஆளு ரெண்டாவது ஆளச் சீண்டி ஃபைட்டிங் ட்ரௌசர்ஸ்னு ஒரு பாட்டே விட்டாரு. வார்த்தை வேகமா வரும், லிரிக்ஸ திறந்து வச்சுக்கிட்டு கேளுங்க. டீயப் பத்தி ப்ரொஃபசர் பாடின கப் ஆஃப் ப்ரௌன் ஜாய் ஜாலியான பாட்டு, ஆனா அந்தக் காலத்து லண்டன் டீக்கோப்பைக்குப் பின்னாடி இலங்கை மலையகத்துக்குக் கூட்டிட்டுப் போன நம்ம சனங்க உழைப்பும் இருக்குன்னு தமிழ்ல யோசிக்கிற நமக்குத் தோணாம இருக்காது. இந்த இசையில எது ஆழமா போகுது எது தொப்பியும் கண்ணாடியும் போட்ட வெறும் வேஷமா நின்னு போயிடுதுன்னு நான் பாக்கறதே இந்த இடத்துலதான்.

அந்த வகையில எனக்கு ரொம்பப் பெரிய பேண்ட், தி மென் தட் வில் நாட் பி ப்ளேம்ட் ஃபார் நத்திங். லண்டன், பங்க். 1888ல ஜாக் தி ரிப்பர் கொலைகள் நடந்தப்ப ஒரு செவுத்துல சாக்பீஸ்ல எழுதியிருந்த வரியிலேருந்து எடுத்த பேரு, போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடியே போலீஸ் அத அழிச்சிட்டாங்க. மத்தவங்க விக்டோரியா காலத்த அழகா காட்டுவாங்க, இவங்க அதோட சாக்கடை, ஏழ்மை, மெஷின், கோவம் எல்லாத்தையும் இழுத்துட்டு வருவாங்க. புரூனெல்னு இஞ்சினியர் மேல பாட்டு, டார்வின் மேல பாட்டு. 2010ல சூவர், அதாவது சாக்கடைங்கற பாட்ட மெழுகு சிலிண்டர்ல வெளியிட்டாங்க, ஆமா, எடிசன் காலத்து போனோகிராஃப்ல ஓடற அதே மெழுகு சிலிண்டர்தான். இவங்களக் கேக்கும்போது ஒரு வேலை பண்ணுங்க, பாட்டுல வர்ற பேர அப்பவே தேடிப் படிங்க. 1858ல தேம்ஸ் நாத்தம் தாங்காம பார்லிமெண்டே திணறினதையும் அதுக்கப்புறம் பசல்ஜெட்னு இஞ்சினியர் லண்டனுக்கு அடியில கட்டின சாக்கடைக் கால்வாய்களையும் படிச்சிட்டு திரும்ப அந்த சூவர் பாட்டக் கேட்டா வேற பாட்டா இருக்கும்.

சத்தம் வேணாம், மெதுவா மனச அறுக்கணும்னா ரஸ்புடினா. மெலோரா க்ரீகர் நியூயார்க்ல ஆரம்பிச்சது, ஸ்டீம்பங்க்குங்கற ஃபேஷன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே செல்லோவ, அதாவது வயலின் மாதிரியே ஆனா பெருசா இருக்கற வாத்தியத்த, டிஸ்டார்ஷன்ல போட்டு கிட்டார் மாதிரி உறும வச்சவங்க. 1996 ஆல்பம் தேங்க்ஸ் ஃபார் தி ஈதர். அதுல மை லிட்டில் ஷர்ட்வெயிஸ்ட் ஃபயர்னு ஒரு பாட்டு இருக்கு, 1911ல நியூயார்க் ட்ரையாங்கிள் சட்டை ஃபேக்டரி தீ விபத்து பத்தி, கதவு பூட்டியிருந்ததால வெளிய வர முடியாம, 146 பேர் செத்தாங்க, பெரும்பாலும் சின்ன வயசுப் பொண்ணுங்க. அத விளையாட்டுப் பாட்டு மாதிரி மெட்டுல பாடுவாங்க, அதுதான் தாங்க முடியாது. ராத்திரி தனியா கேக்காதீங்கன்னுதான் சொல்லுவேன்.

சிதார் தபலா காதுக்குப் பழகினவங்க இங்கிலாந்தோட சண்டே ட்ரைவர்-அ கேளுங்க, சந்திரிகா நாத் பாடுறது. இங்கிலீஷ் நாட்டுப்பாட்டும் நம்ம பக்கத்து வாத்தியமும் ஒட்டு தெரியாம சேர்ந்திருக்கும், ஆண்டவங்க கதைக்குள்ள ஆளப்பட்டவங்க குரலும் வந்து உக்காரும். பாஸ்டன் ட்ரெஸ்டன் டால்ஸ், சான்ஃபிரான்சிஸ்கோ வெர்னியன் ப்ராசஸ் எல்லாம் அப்புறமா மெதுவா பாத்துக்கலாம்.

ஒரு பேண்ட் ஒரு வாரம், ஒரு ஆல்பம் முழுசா, வரிசை மாத்தாம. பிடிச்சா அவங்க வெப்சைட்லயே காசு குடுத்து வாங்குங்க, இதுல பாதிப்பேர் பெரிய கம்பெனி எதுவும் இல்லாம அவங்களே ரெக்கார்ட் பண்ணி அவங்களே விக்கறவங்க, நாம வாங்குற அந்த ஒரு ஆல்பம்தான் அடுத்த ஆல்பத்துக்கு மூலதனம்.