அவசரக் கையை அளக்கும் ஒரு குட்டி கேம்

தன்னடக்கத்தை அளக்கப் பெரிய கேம் வேண்டாம். திரையில் பழம் வரும்: நல்ல மாம்பழம் என்றால் தட்ட வேண்டும், அழுகியது என்றால் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

160 பழங்களில் 120 நல்லவை, 40 அழுகியவை. பாதிக்குப் பாதி வைத்தால் தட்டும் பழக்கம் வலுவாக உருவாகாது. அடக்க அதிகம் இருக்காது. பழம் தெரிவது 500 மில்லிசெகண்ட் (அரை நொடி), இடைவெளி 800 முதல் 1200 வரை மாறி மாறி. இடைவெளி ஒரே அளவாக இருந்தால் ஆட்கள் தாளம் பிடித்து, பழத்தைப் பார்க்காமலே தட்டுவார்கள். மொத்தம் 4 நிமிடம். முதலில் 20 பழம் பயிற்சி. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே போன். தொடுதிரைத் தாமதம் போனுக்குப் போன் மாறும். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாறும் திரையில், ஒரு ஃபிரேமே (ஒரு படமே) 16.7 மில்லிசெகண்ட். பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள். புளூடூத் இயர்போன் கூடவே கூடாது, ஒலி பின்தங்கும்.

தமிழ் பேசுவோர் எல்லோருக்கும் தமிழ் வாசிக்க வராது. உதாரணமாக, பெங்களூரு அல்சூரில் சரளமாகத் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோதான் படித்திருப்பார்கள். எழுத்தில் விதிகளைத் தந்தால் வாசிப்பைத்தான் அளப்பீர்கள். குரலில் சொல்லுங்கள். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம்.

வேகத்துக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் தவறுகள், அதாவது அழுகியதைத் தட்டுவது, கூடும். அது குணமல்ல, உங்கள் விதியின் விளைவு. தவறுக்கும் புள்ளி குறையுங்கள். பழம் தோன்றி 150 மில்லிசெகண்டுக்குள் வந்த தட்டல்களை நீக்கி, மீதித் தட்டல் நேரங்களில் சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுங்கள். வாரம் எத்தனை மணி நேரம் கேம் ஆடுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழகிய விரலைப் பொறுமை என்று எண்ணி ஏமாறுவது இங்கேதான்.