பழைய 120 ஃபிலிம் கேமராவை ஏலத்துக்கு அனுப்புமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ஸ்டூடியோ நடத்திய குடும்பங்களின் பரணிலிருந்து ரோலிஃபிளெக்ஸ், யாஷிகா மேட், எப்போதாவது ஒரு ஹாசல்பிளாட் என 120 ஃபிலிம் (அகலமான சுருள் ஃபிலிம்) போடும் பழைய கேமராக்கள் இறங்கி வருவதுண்டு. விலை கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முதல் தவறே அதுதான். இந்தியாவிலேயே தயாரான அக்ஃபா கிளிக் III கேமராவுக்கும் வயது ஏறிவிட்டது, அதுவும் 120 ஃபிலிம் போடுவதுதான். ஆனால் ஏராளமாக விற்ற எளிய கேமரா என்பதால் அதற்குப் பெரிய விலை கிடைக்காது. 1960இல் வந்த ரோலிஃபிளெக்ஸ் 2.8எஃப் அதைவிடப் பல மடங்கு போகும்.

செய்தியில் வந்த தொகையை வைத்துக் கணக்குப் போடுவதும் வீண். 2014இல் வியன்னாவில் ஒரு ஹாசல்பிளாட் 6,60,000 யூரோவுக்குப் போனது. அப்போலோ 15 நிலவுப் பயணத்தில் பயன்பட்டது என்று சொல்லி விற்கப்பட்ட கேமரா அது; அந்த வரலாற்றுக்குத்தான் அவ்வளவு விலை. நம் ஸ்டூடியோ கேமராவுக்கும் வரலாறு உண்டு. வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, தோல் உறை, லென்ஸ் மூடி எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பழைய காகிதம் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

நம் கடற்கரை ஊர்களில் விலையை அதிகம் குறைப்பது பூஞ்சைதான். புதுச்சேரியானாலும் கடலூரானாலும் ஈரக்காற்றுக்குக் குறைவில்லை. இதில் மனம் வருந்தச் செய்வது, பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் உறைக்குள்ளேயே வைத்துவிடும் பழக்கம். தோல் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், பூஞ்சைக்கு உணவாகவும் ஆகும். உறையைத் தனியே வையுங்கள். கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, ஜெல்லை அவ்வப்போது மாற்றுங்கள். ரோலிஃபிளெக்ஸின் இரண்டு லென்ஸ்களில் படம் பிடிப்பது கீழே உள்ளது. ஷட்டரை ‘பி’யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மூடாத நிலையில்) திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து அதைப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் நீங்களே கழற்றித் துடைக்காதீர்கள். லென்ஸின் மேற்பூச்சு வரை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. கீறலும் சேர்ந்தால் விலை இன்னும் இறங்கும். பித்தளையைப் பளபளப்பாக்குவது, கறுப்பு வண்ணம் பூசுவது, தோலைப் புதிதாக ஒட்டுவது எதுவும் வேண்டாம். சேகரிப்பாளர்கள் அசல் தேய்மானத்தை ஏற்பார்கள், ஒப்பனையை ஏற்கமாட்டார்கள்.

ஹாசல்பிளாட் என்றால் வரிசை எண்ணைப் படிக்காமல் விற்காதீர்கள். முன்னால் உள்ள இரண்டு எழுத்துகள் தயாரித்த ஆண்டைக் குறிக்கும். வி, எச், பி, ஐ, சி, டி, யு, ஆர், ஈ, எஸ் என்பவை வரிசையாக 1 முதல் 9 வரையும் கடைசியில் 0வும் ஆகும். ‘யு ஈ’ என்றால் 1979. ஃபிலிம் மாகசின், அதாவது பின்னால் கழற்றி மாட்டும் ஃபிலிம் பெட்டியின் கூட்டிலும் உள்ளே செருகும் பகுதியிலும் எண்களின் கடைசி மூன்று இலக்கங்கள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் விவரத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். வாங்குபவர் எப்படியும் பார்ப்பார். ஷட்டரை ஏற்றாமல் (அடுத்த படத்துக்குச் சுற்றித் தயாராக்காமல்) லென்ஸைக் கழற்றவும் கூடாது, சிக்கிக்கொள்ளும்.

விலை பார்க்கும்போது, இணையத்தில் விற்பவர் கேட்கும் தொகையை நம்பாமல் விற்று முடிந்த தொகையைத் தேடுங்கள். ஏலக்கூடங்கள் வெளியிடும் தொகையில் வாங்குபவர் கட்டும் கூடுதல் கட்டணமும் பல நேரம் சேர்ந்திருக்கும். உங்கள் கைக்கு வருவது, அதை நீக்கி, விற்பனைக் கமிஷனும் அனுப்பும் செலவும் கழித்த மீதி. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சொல்லும் விலையை அந்த மீதியோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.