பவர்லைன் அடாப்டரில் விளக்கு எரிகிறது, நெட் மட்டும் வரவில்லையா?

காட்பாடி காந்தி நகரில் மாமா வீடு. கீழ்வீடு பழசு, சுவரெல்லாம் நல்ல கனம். மாடி பிற்பாடு கட்டியது. ரவுட்டர் கீழே கூடத்தில் இருப்பதால் மாடி அறையில் வைஃபை ஒரு கோடு காட்டினாலே பெரிய விஷயம். சரி என்று ஒரு ஜோடி பவர்லைன் அடாப்டர் மாட்டிக் கொடுத்தேன். சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கரன்ட் ஒயரிலேயே நெட்டையும் அனுப்புகிற பெட்டிகள் அவை. ஒன்று ரவுட்டர் பக்கத்தில், இன்னொன்று மாடியில். நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் மாமா போனில், "நீ மாட்டின டப்பா செத்துப்போச்சுடா" என்றார்.

டப்பா சாகவில்லை. இந்தப் பெட்டிகளில் வரும் கோளாறு பெரும்பாலும் வீட்டு ஒயரிங்கில்தான் இருக்கும். அதனால் ரீசெட் பட்டனைத் தேடாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

முதல் படி: இரண்டு பெட்டிகளையும் ஒரே அறைக்குக் கொண்டுவாருங்கள். அருகருகே உள்ள சுவர் பிளக் பாயின்ட்டுகளில் நேராகச் செருகுங்கள். பொதுவாக மூன்று விளக்குகள் இருக்கும்: கரன்ட்டுக்கு ஒன்று, இரண்டு பெட்டிகளுக்கும் உள்ள தொடர்புக்கு ஒன்று, கேபிளுக்கு ஒன்று. நடு விளக்கு, அதாவது தொடர்பு விளக்கு, எரிந்தால் பெட்டிகள் நல்லபடியாக இருக்கின்றன. இரண்டாம் படிக்குப் போகலாம். எரியாவிட்டால் ஒரு பெட்டியில் 'Pair' பட்டனை (இரண்டையும் ஜோடி சேர்க்கும் பட்டன்) ஒரு நொடி அழுத்திவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் மற்றதிலும் அழுத்துங்கள். பட்டனை ரொம்ப நேரம் பிடித்தால் சில மாடல்களில் பழைய இணைப்பே அழிந்துவிடும், ஜாக்கிரதை. இவ்வளவு செய்தும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பேசாவிட்டால்தான் பெட்டியில் குறை. பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இரண்டாம் படி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர், ஸ்டெபிலைசர் எதிலும் செருகாதீர்கள். ஸ்பைக் பஸ்டரின் வேலையே ஒயரில் வரும் தேவையில்லாத அலைகளை வடிகட்டுவது. நம் நெட்டும் அதன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

மூன்றாம் படிதான் மாமா வீட்டுக் கதை. த்ரீ பேஸ் கனெக்‌ஷன் உள்ள வீடுகளில் மெயின் போர்டில் பேஸ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். வெயில் காலத்தில் தெரு முழுக்க ஏசி ஓடி ஒரு பேஸில் வோல்டேஜ் இறங்கும். உடனே கை தானாக அந்த சுவிட்சுக்குப் போகும். மாமாவும் அன்று அதைத்தான் செய்திருக்கிறார். கீழ்வீடு இன்னொரு பேஸுக்குப் போய்விட்டது, மாடி பழைய பேஸிலேயே நின்றது. ஒரு பேஸில் போகும் சிக்னல் இன்னொன்றுக்குத் தாவுவது கஷ்டம். தாவினாலும் பலவீனமாகத்தான் இருக்கும். சுவிட்சை இருந்த இடத்துக்குத் திருப்பச் சொன்னேன், ஒரு நிமிடத்தில் நடு விளக்கு எரிந்தது. உங்கள் வீட்டில் எந்த அறை எந்த பேஸ் என்று தெரியாதா? ஒரு பேஸ் மட்டும் போகும் நாளில் எந்தெந்த அறை இருட்டாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போர்டைக் கழற்றிப் பார்க்கிற வேலை வேண்டாம், அது எலெக்ட்ரீஷியன் வேலை.

இன்வெர்ட்டரும் இதே வகைதான். ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனிலும் மாடிப் பெட்டி சாதா லைனிலும் இருந்தால், கரன்ட் போனதும் தொடர்பு அறுந்துவிடும். முடிந்தால் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

நான்காம் படி, இரைச்சல். காதில் கேட்கும் சத்தமில்லை, மற்ற சாதனங்கள் கரன்ட் ஒயரில் கிளப்பிவிடும் தேவையில்லாத அலைகள். நெட் வருகிறது, ஆனால் விட்டு விட்டு வருகிறது என்றால் இதுதான். மாடியில் லேப்டாப்பைக் கேபிளில் சொருகி, கமாண்ட் பிராம்ப்டில் ரவுட்டர் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிங் (பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும் கட்டளை) ஓடவிட்டு, கடைசியில் -t சேர்த்துவிடுங்கள், நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். மாமா வீட்டில் வரிசையாக 4, 5 மில்லிசெகண்ட் என்று வந்துகொண்டிருந்தது. கீழே அத்தை சட்னிக்கு மிக்ஸியைப் போட்டதும் 80, 140, அப்புறம் பதிலே இல்லாத இரண்டு வரிகள். மிக்ஸி நின்றதும் மறுபடி 5. மிக்ஸியையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. நாள் முழுக்க செருகியே கிடக்கும் மலிவான மொபைல் சார்ஜரும், சில எல்இடி பல்புகளும்தான் மோசம். ஒவ்வொன்றாகக் கழற்றி பிங்கைப் பாருங்கள். குற்றவாளி சிக்கினால் அதை வேறு பாயின்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது அதை ஸ்பைக் பஸ்டரில் போடுங்கள். அடாப்டருக்கு ஆகாத வடிகட்டி இங்கே உதவிக்கு வரும்.

எல்லாம் சரி, வேகம் மட்டும் 90 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லையா? பெட்டியின் மேல் 600 என்று போட்டிருந்தாலும் பல மாடல்களில் கேபிள் சொருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். அதற்குச் செய்முறை ஏதும் கிடையாது, கிகாபிட் போர்ட் உள்ள ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.